பதினாறில் இரண்டு: தாயக்கட்டையின் கணக்கு

தாயம் விழாமல் காய் இறங்காது என்பது தாய ஆட்டத்தின் முதல் விதி; வேண்டும்போது மட்டும் அந்தத் தாயம் விழுவதே இல்லை என்பது ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள குறை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக விடிய விடிய உருட்டப்படும் அந்தக் கட்டைகளின் போக்கை அதிர்ஷ்டம் என்றும் கைராசி என்றும் சொல்லிவிடுவது எளிது. ஆனால், ஒரு நிகழ்ச்சி நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை எண்ணால் அளக்கும் நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவின் அடிப்படை முழுவதும் அந்த இரண்டு கட்டைகளில் அடங்கியிருக்கிறது. நேரவே முடியாத நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0 என்றும் நேர்ந்தே தீர வேண்டியதன் நிகழ்தகவு 1 என்றும் கொள்ளப்படுவதால், மற்ற எல்லா நிகழ்ச்சிகளுக்கும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பின்னமே விடையாக வரும்.

பித்தளையில் செய்த தாயக்கட்டை ஏறத்தாழ ஒரு விரல் நீளமும் நான்கு பட்டையும் கொண்டது. மூன்று பட்டைகளில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் குத்தப்பட்டிருக்க, நான்காவது பட்டை வெறுமையாக இருக்கும். முனைகள் மிகச் சிறியவை ஆதலால் கட்டை அவற்றின்மேல் நிமிர்ந்து நிற்பதில்லை. இரு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டித் தரையில் விட்டதும், மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டிச் சொல்வதே விழுந்த எண். ஒன்று விழுந்தால் அதுவே தாயம்; இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதைப் பன்னிரண்டு என்று கொள்வது வழக்கம். ஆக, விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழே. ஏழில் ஒன்று தாயம், எனவே ஏழு உருட்டுக்கு ஒரு தாயமாவது விழவேண்டும் என்று தோன்றுவது இயல்புதான் என்றாலும் அந்தக் கணக்கு தவறு. ஏனெனில் இந்த ஏழு எண்களும் ஒன்றுக்கொன்று சமமான வாய்ப்பு உடையவை அல்ல.

சம வாய்ப்பு உடையவை கட்டைகள் விழும் விதங்களே. முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொரு விதத்தோடும் இரண்டாம் கட்டையின் நான்கு விதங்கள் சேரலாம் என்பதால் மொத்தம் 16 இணைகள் கிடைக்கின்றன. ஒரு சோதனையில் நேரக்கூடிய எல்லா விளைவுகளும் சேர்ந்த இத்தகைய தொகுப்புக்குக் கூறுவெளி என்று பெயர்; வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையைக் கூறுவெளியின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே நிகழ்தகவு. முதல் கட்டையில் ஒன்றும் இரண்டாவதில் வெறுமையும் விழுந்தால் தாயம். மாறி விழுந்தாலும் தாயம். வேறு வழி கிடையாது. எனவே அதன் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. மூன்றுக்கோ மூன்றும் வெறுமையும், ஒன்றும் இரண்டும், இவற்றின் மாற்று வரிசைகளும் என நான்கு வழிகள் உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள், ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றே. தாயமும் ஐந்தும் ஒரே அளவில்தான் விழுகின்றன என்பதும், ஆறைவிடத் தாயம் இரு மடங்கு எளிது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆயினும் ஐந்து விழவில்லையே என்று யாரும் அங்கலாய்ப்பதில்லை. காய் இறங்குவதற்கு ஐந்து தேவையில்லை அல்லவா?

எட்டில் ஒன்று என்பதற்கு, எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் உறுதி என்று பொருள் கொள்வதும் தவறே. ஒரு நிகழ்ச்சி நேராமல் போவதற்கு நிரப்பு நிகழ்ச்சி என்று பெயர். இரண்டின் நிகழ்தகவையும் கூட்டினால் 1 வரும் என்பதால், ஓர் உருட்டில் தாயம் விழாமல் போக 7/8 வாய்ப்பு உண்டு. எட்டு உருட்டிலும் விழாமல் போவதற்கான வாய்ப்பைக் காண 7/8ஐ எட்டு முறை தன்னோடு பெருக்கினால் ஏறத்தாழ 0.34 கிடைக்கிறது; அதாவது எட்டு முறை உருட்டியவர்களில் சராசரியாக மூவருக்கு ஒருவர் இன்னும் காயைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். இருபது உருட்டிலும் தாயம் காணாதவர்கள்கூட நூற்றுக்கு ஏழு பேர் இருக்கக்கூடும்.

இவ்வளவு நேரம் விழவில்லை, எனவே அடுத்ததில் கட்டாயம் விழும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. முந்தைய உருட்டைக் கட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பாதிக்காத இத்தகைய நிகழ்ச்சிகளைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்பர். 1913 ஆகஸ்டு 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தபோது, இனிச் சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் அந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டனர்.

விளைவுகளின் பெயர்களை எண்ணாமல் விளைவு நேரும் வழிகளை எண்ண வேண்டும் என்பது இன்று பள்ளிப் பாடமாகிவிட்டாலும், பெரிய கணித அறிஞர்களையே சறுக்க வைத்த இடம் அது. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்தக் கணிதம் தெளிவான உருப்பெற்று நூறு ஆண்டுகள் ஆன பிறகும், ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் டாலம்பேர் எழுதினார். முதல் சுண்டலில் தலை, இரண்டாவதில் தலை, இரண்டிலும் பூ என்று மூன்று பெயர்களை அவர் எண்ணினார். முதலாவதற்கு மட்டும் மற்றவற்றைப்போல் இரு மடங்கு வாய்ப்பு உண்டு என்பதைக் கவனிக்கவில்லை. சரியான விடை நான்கில் மூன்று.

கட்டைக்குப் பதிலாக ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டு ஆடுவதும் உண்டு. வாய் மேலாக விழுந்தவற்றின் எண்ணிக்கையே விழுந்த எண் ஆகிறது. எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. விழும் எண்கள் அதே ஏழுதான் என்றாலும் கணக்கு அடியோடு வேறு. ஒவ்வொரு சோழியும் நிமிரவும் கவிழவும் சம வாய்ப்பு உடையது என்று கொண்டால், 64 விதங்களில் ஆறு மட்டுமே தாயம்; இது கட்டையைவிடக் குறைவு. ஆனால் சோழியின் ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் கூனல். இரண்டும் சமமாக விழும் என்று கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பத்தில் நான்கு முறைதான் ஒரு சோழி நிமிரும் என்றால், தாயத்தின் நிகழ்தகவு 0.09இலிருந்து 0.19 ஆக இரட்டித்துவிடுகிறது. பத்தில் ஆறு முறை நிமிர்ந்தால் 0.04க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இங்கே காகிதத்தில் எண்ணிப் பார்த்து விடை காண முடியாது. போட்டுப் பார்த்துத்தான் காண வேண்டும். சோதனைகள் பெருகப் பெருக, ஒரு விளைவு நேர்ந்த விகிதம் அதன் உண்மையான நிகழ்தகவை நெருங்கி வரும் என்பதை யாக்கோப் பெர்னூலி நிறுவினார். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல்தான் அதைக் கூறும் அவரது நூல் வெளிவந்தது. வீட்டிலுள்ள ஆறு சோழிகளை 600 முறை போட்டு, ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தவற்றைக் கோடிட்டு எண்ணி வந்தால், மொத்தம் 3,600 விழுதல்கள் கணக்கில் சேரும். கோடுகள் 1,800ஐ ஒட்டி நின்றால் அவை சமமாக விழும் சோழிகள். 1,440ஐ ஒட்டி நின்றால், அந்த வீட்டில் தாயம் பித்தளைக் கட்டையில் விழுவதைவிட அடிக்கடி விழும்.