மணம் சொல்லும் செய்தி

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான பகுதியில் ஊர்தி ஆலைகளும் மின்னணு ஆலைகளும் நிறைந்துள்ளன. அவற்றுக்கு இடையிடையே வேளாண் நிலங்களும் இருக்கின்றன. ஆலையில் எந்திரம் பழுதடையும் முன்பே உணர்விகள் எச்சரிக்கை தருகின்றன. பயிரைப் பூச்சி அழிக்கும் முன்பே உழவரை எச்சரிக்கும் கருவி ஏதேனும் உண்டா? உண்டு, அதுவே இனக்கவர்ச்சிப் பொறி.

மறைந்திருக்கும் பகை

கத்தரியைத் தாக்கும் பூச்சிகளுள் மிகக் கொடியது குருத்து மற்றும் காய்த்துளைப்பான். இதன் தாய் அந்துப்பூச்சி இரவில் இலைகளின்மீது முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, விரைவிலேயே குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே புகுந்துவிடும். துளைக்கப்பட்ட குருத்து வாடித் தொங்கும், காய் சொத்தையாகும். காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து சென்றடைவதில்லை. அதனால் உழவர் மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கிறார். செலவு பெருகுகிறது, புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் மடிகின்றன, நஞ்சின் எச்சம் உண்போரின் உணவிலும் கலக்கிறது.

பட்டுப்பூச்சி தந்த திறவுகோல்

பெண் அந்துப்பூச்சி தன் உடலிலிருந்து ஒருவகை மணப்பொருளைக் காற்றில் கசியவிடும். அதே இனத்தைச் சேர்ந்த ஆண்பூச்சி தன் உணர்கொம்புகளால் அதை உணர்ந்து, பெண்பூச்சியைத் தேடி வரும். ஓர் இனத்தின் உயிர்களிடையே செய்தி கொண்டு செல்லும் இத்தகைய வேதிப்பொருளே பெரோமோன் எனப்படுகிறது.

முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இனக்கவர்ச்சிப் பெரோமோன் பட்டுப்பூச்சியினுடையது. காஞ்சிப் பட்டுக்கு நூல் தரும் பட்டுப்பூச்சியும் அதே இனம்தான். ஜெர்மானிய வேதியியலறிஞர் அடால்ஃப் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்து, சுமார் 5 இலட்சம் பெண்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்து, 1959இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். அதன்பின் பல பூச்சிகளின் பெரோமோன்கள் கண்டறியப்பட்டன. கத்தரிக் காய்த்துளைப்பானின் பெரோமோனும் 1980களில் அறியப்பட்டது. இன்று இவை ஆய்வகங்களில் செயற்கையாக உருவாக்கப்படுகின்றன.

பொறி செய்யும் பணி

செயற்கைப் பெரோமோன் ஊட்டப்பட்ட சிறு குப்பியைப் பொறிக்குள் தொங்கவிடுவர். பெண்பூச்சி இருப்பதாக எண்ணி வரும் ஆண்பூச்சி, சவர்க்காரம் கலந்த நீரிலோ பையிலோ சிக்கிக்கொள்ளும். எக்டருக்கு 12 பொறிகள் வைப்பது வழக்கம். பயிரின் உச்சி மட்டத்தில் பொறியை அமைத்து, குறித்த கால இடைவெளியில் குப்பியை மாற்றுவர்.

பொறியின் முதற்பயன் பூச்சியைக் கொல்வது அன்று, செய்தி தருவதே. சிக்கும் பூச்சிகளின் எண்ணிக்கை கூடினால், புழுக்களின் தாக்குதல் நெருங்குகிறது என்று பொருள். உழவர் உடனே வயலை ஆராய்ந்து, வாடிய குருத்துகளையும் சொத்தைக் காய்களையும் பறித்து அழிப்பார். மருந்து தேவையா, தேவையெனில் எப்போது என்பதை அறிந்து முடிவெடுப்பார்.

பொறிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி ஆண்பூச்சிகளைக் கூட்டமாகப் பிடிப்பது அடுத்த நிலை. மேலைநாட்டு ஆப்பிள் தோட்டங்களில் வேறொரு முறையும் உண்டு. தோட்டம் முழுவதும் பெரோமோனைப் பரப்பிவிட்டால், பெண்பூச்சி இருக்கும் திசையை அறிய இயலாமல் ஆண்பூச்சி தடுமாறும்; இனச்சேர்க்கை குறையும்.

கூடிச் செய்தால் பயன்

இம்முறைக்கும் எல்லை உண்டு. பொறியில் சிக்குவன ஆண்பூச்சிகள் மட்டுமே. தப்பிய ஓர் ஆண்பூச்சி பல பெண்பூச்சிகளுடன் இணையக்கூடும். அண்டை வயலில் கருவுற்ற பெண்பூச்சி வரப்பைத் தாண்டி வந்து முட்டையிடும். எனவே ஒருவர் மட்டும் பொறி வைத்தால் பயன் குறைவு. ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் வைத்தால் பயன் மிகுதி. ஆலைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிறு நிலங்களுக்கு இவ்வொற்றுமை இன்னும் இன்றியமையாதது. பூச்சிக்கு வரப்புத் தெரியாது. அதைத் தடுக்க முனைவோரும் வரப்பைக் கடந்தே சிந்திக்க வேண்டும்.