பையைத் துழாவும் முன்

வீட்டுப் பிள்ளை போதை மாத்திரை எடுக்கிறதோ என்ற சந்தேகம் வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது அடையாளங்களின் பட்டியலைத்தான். எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ மாத்திரைக்கும் அப்படியொரு பட்டியல் உண்டு. கண்ணின் பாவை விரியும், தாடை இறுகிப் பல் நறநறக்கும், வியர்த்துக் கொட்டும், தாகம் அடங்காது, பசி இருக்காது, எதிரே வருகிறவர் எவரிடமும் பாசம் பொங்கும். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் மாத்திரை விழுங்கிய முக்கால் மணி நேரத்தில் தொடங்கி மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறவை. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் அம்மாவின் எதிரில் வந்து உட்காராது. போதை இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வரும். அதனால் வீட்டில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது போதையின் அடையாளங்களைவிட மறுநாளின் அடையாளங்களை.

அந்த மறுநாளுக்குக் காரணம் மூளையில் இருக்கிறது. மனநிலை, உறக்கம், பசி ஆகியவற்றில் பங்குள்ள செரடோனின் என்ற வேதிப்பொருளை எம்டிஎம்ஏ ஒரே மூச்சில் வெளியே கொட்ட வைக்கிறது. கொட்டிய இருப்பு மீண்டும் சேர நாளாகும். சனிக்கிழமை இரவு உற்சாகமாக இருந்தவர் திங்கள், செவ்வாயில் காரணமில்லாமல் சோர்ந்து, எரிந்து விழுந்து, அழுகையின் விளிம்பில் இருப்பது இதனால்தான் என்று கருதப்படுகிறது. தாடை வலிக்கிறது என்பார். இரவெல்லாம் பல்லை நெரித்ததில் கன்னத்தின் உட்புறம் புண்ணாகியிருக்கும். இவற்றில் எதையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒருமுறை சோர்ந்திருந்தால் அது வெறும் சோர்வுதான். அதே சோர்வு அதே கிழமையில், அதே நண்பர்களோடு வெளியே போய்வந்த பிறகே வருகிறது, கூடவே பணம் கணக்கில் இடிக்கிறது என்றால் அந்த ஒழுங்கு கவனிக்க வேண்டியது. அதையும் இன்னொரு வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் இதே பிள்ளை எப்படி இருந்தது என்பதுதான் அளவுகோல்.

எக்ஸ்டசி பற்றிய பட்டியல்கள் பெரும்பாலும் மேலைநாட்டு நடன விருந்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒளிரும் குச்சி, வாயில் வைக்கும் குழந்தைச் சூப்பான் என்றெல்லாம் அவற்றில் வரும். மதுரை வீட்டில் இவற்றைத் தேடினால் எதுவும் கிடைக்காது. இரவு வெகுநேரம் வெளியே இருப்பதை ஓர் அடையாளமாகச் சொல்வார்கள். நள்ளிரவிலும் டீக்கடையும் இட்லிக்கடையும் திறந்திருக்கிற தூங்கா நகரத்தில் அதை வைத்து யாரைச் சந்தேகப்படுவது? அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எய்ம்ஸ் நடத்தி மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதினரில் எம்டிஎம்ஏ அடங்கிய ஆம்பெட்டமைன் வகைகளை எடுப்போர் 0.18 சதவீதம். ஓபியாய்டு வகைகளை எடுப்போர் 2.1 சதவீதம். தூக்க மாத்திரை போன்றவற்றை மருத்துவக் காரணமின்றி எடுப்போர் 1.08 சதவீதம். மதுரைப் பக்கத்துச் செய்திகளில் 'போதை மாத்திரை' என்று வருவதும் பெரும்பாலும் எக்ஸ்டசி அல்ல. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத டாபென்டடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரைகள்தான் அதிகம். பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இந்த வலி மாத்திரையின் அடையாளங்களோ எக்ஸ்டசிக்கு நேர் எதிரானவை. கண்ணின் பாவை ஊசிமுனை போல் சுருங்கும். துறுதுறுப்பு இருக்காது, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். உடம்பு அரிக்கும், மலச்சிக்கல் வரும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பதற்குக் கையில் உள்ள ஊசித்தடம் காரணமாக இருக்கலாம். 'போதை என்றால் கண் விரியும்' என்று மட்டும் படித்து வைத்திருக்கும் தந்தை, சுருங்கிய பாவையைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுவார். ஒரே பட்டியலை நம்புவதில் எனக்குத் தெரியும் பெரிய ஆபத்து இதுதான்.

அப்படியானால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாமே என்று கேட்பார்கள். எம்டிஎம்ஏ சிறுநீரில் தெரிவது பொதுவாக இரண்டு மூன்று நாட்கள்தான். ஓபியாய்டுக்கான வழக்கமான பரிசோதனையில் டாபென்டடால் தெரியாமலே போகலாம். 'ஒன்றுமில்லை' என்று வரும் முடிவு பொய்யான ஆறுதலாகிவிடும். 'இருக்கிறது' என்று வந்தாலும் அடுத்து என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். கேட்டால் பொய்தானே சொல்வான் என்பது இன்னொரு வாதம். முதல் தடவை சொல்லலாம். ஆனால் பையைத் துழாவி, போனைப் பிடுங்கி, கையும் களவுமாகப் பிடிக்கும் வீட்டில் பிள்ளை கற்பது இன்னும் நன்றாக ஒளிப்பதற்கு. "நீ கஞ்சாவா, மாத்திரையா?" என்று தொடங்குவதைவிட, "ரெண்டு மூணு வாரமா சாப்பாடே இறங்க மாட்டேங்குது, முகமே சரியில்ல, என்னப்பா ஆச்சு?" என்று, பார்த்ததை மட்டும் சொல்லிக் கேட்பது பலன் தரும். சந்தேகம் தவறாகவே இருந்தாலும் இந்தக் கேள்வியால் நட்டமில்லை. இதே சோர்வும் எரிச்சலும் மனச்சோர்வு நோயிலும், தேர்வுத் தோல்வியிலும், யாரிடமும் சொல்ல முடியாத கடனிலும் வரும். அவற்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

போலீசிடம் போனால் பயந்து திருந்துவான் என்று நினைப்பவர்களும், விஷயம் வெளியே தெரிந்தால் வழக்காகுமே என்று அஞ்சி மருத்துவரிடமும் போகாதவர்களும் சட்டத்தின் ஒரு பகுதியை அறிந்திருப்பது நல்லது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எம்டிஎம்ஏ வைத்திருப்பதும் எடுப்பதும் குற்றம்தான். ஆனால் போதைக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் சிக்கினாலும், தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. போதைப் பழக்கத்தால் வரும் மனப் பாதிப்புகளை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் நோயாகவே கொள்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம். 14446 என்ற போதை மீட்பு எண்ணிலும், 14416 என்ற மனநல எண்ணிலும் பெற்றோர் மட்டும் பேசிக்கூட ஆலோசனை பெறலாம்.

பேச்சுக்கு நேரமில்லாத நிலை ஒன்றும் உண்டு. எம்டிஎம்ஏ உடலின் சூட்டை உயர்த்தும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுகிற மதுரையில், அதோடு ஆட்டமும் சேர்ந்தால் அந்தச் சூடு உயிரைக் குடிக்கும். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. வண்டி வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பை நனைத்து விசிற வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் புகட்டக் கூடாது. இந்த மாத்திரை உடலில் நீரைத் தேக்குவதால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே ஆபத்தாகும். மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாய்ந்திருந்தால் அது வலி மாத்திரையாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். அதற்கு மாற்று மருந்து மருத்துவமனையில் உண்டு. எதை விழுங்கினான், எப்போது, எத்தனை என்பதை உடனிருந்த நண்பர்கள் மறைக்காமல் சொன்னால் மருத்துவர் அந்த மருந்தை நேரத்தோடு கொடுக்க முடியும்.