எறும்பு ஏறுதா? மேல மாவுப்பூச்சி இருக்கான்னு பாருங்க

ஆர்.எஸ்.புரத்துல மாடித்தோட்டம் வெச்சிருக்கிற ஒரு நேயரோட கேள்வி: "செம்பருத்தியில எறும்பு வரிசையா ஏறுதுங்க, மருந்து அடிக்கலாமா?"

எறும்பு செடியைத் தின்ன வரலைங்க. மாவுப்பூச்சி சாறை உறிஞ்சிட்டு, இனிப்பான கழிவை வெளியே விடும். அதுதான் எறும்புக்குச் சாப்பாடு. பதிலுக்கு, மாவுப்பூச்சியை அழிக்க வர்ற பூச்சிகளை எறும்பு விரட்டிடும்.

மருந்து மட்டும் போதாதுன்னு நம்ம கோயம்புத்தூருக்கு நல்லாவே தெரியும். இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகப் பதிவானது இங்கேதான், 2008-ல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் அடி வாங்கின. அதன் உடம்பு மேல இருக்கிற மெழுகு மருந்தைத் தடுத்துடும். செத்ததெல்லாம் நன்மை செய்யும் பூச்சிகள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்தாங்க. வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். பூச்சி கட்டுக்குள் வந்தது.

தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம் இதுதான்: மருந்தைக் குறைச்ச இடத்துல குளவி தங்கும், அடிக்கடி அடிக்கிற இடத்துல குளவிதான் முதல்ல சாகும்.

அதனால செம்பருத்திக்கு மருந்து வேண்டாம். பூச்சி அப்பின நுனிகளை வெட்டி அழிச்சிடுங்க. மிச்சத்தைத் தண்ணியைப் பீய்ச்சிக் கழுவுங்க. தண்டைச் சுத்தித் துணி கட்டி, அதுமேல கிரீஸ் தடவி, எறும்பு ஏற விடாம பண்ணுங்க. காவல் போனா, மீதி வேலையை இயற்கை எதிரிகள் பாத்துக்கும்.