டிப்ளமோ வழியே இன்ஜினியர் படிப்பு

மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில் கவலை வருகிறது. அடுத்து என்ன படிக்க வைப்பது? பணத்துக்கு எங்கே போவது?

இப்படி ஒரு வீட்டைப் பார்ப்போம். அப்பா கொத்தனார். அம்மா தையல் வேலை செய்கிறார். மகள் இன்ஜினியர் ஆக ஆசைப்படுகிறாள். பிளஸ் டூ இரண்டு ஆண்டு. அதன் பிறகு கல்லூரியில் நான்கு ஆண்டு. கல்லூரிக் கட்டணத்தை விசாரித்தார்கள். அம்மா கழுத்தில் இருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்பா வட்டிக்கடையை நினைத்தார்.

சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போனபோது கணக்கு டீச்சர் கேட்டார்:

"பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமே அம்மா?"

"அது டிப்ளமோ தானே டீச்சர்? இவ இன்ஜினியர் ஆகணும்னு சொல்றா."

"டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதல் ஆண்டு படிக்க வேண்டியதில்லை."

அம்மாவுக்கு இது புதிய செய்தி. நம்மில் பலருக்கும் புதிய செய்திதான்.

"அப்படிப் போனால் வருஷம் வீணாகுமே?" என்று அப்பா கேட்டார். வீணாகாது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பள்ளியில் 12 ஆண்டு, கல்லூரியில் 4 ஆண்டு. மொத்தம் 16. இன்னொரு வழியில் பள்ளியில் 10 ஆண்டு, பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு, கல்லூரியில் 3 ஆண்டு. இதுவும் 16 தான். முடிவில் கிடைப்பதும் அதே பி.இ. அல்லது பி.டெக். பட்டம்தான்.

அமெரிக்காவிலும் இதுபோல ஒரு வழி உண்டு. அங்கே செலவு குறைந்த சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டு படிப்பார்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வார்கள். நம் நாட்டில் அந்த வேலையை இன்ஜினியர் படிப்புக்குப் பாலிடெக்னிக் செய்கிறது.

சரி, பணம் எவ்வளவு மிச்சமாகும்? ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விடுதிச் செலவு 80,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். மூன்று ஆண்டு மட்டும் என்றால் 5,40,000 ரூபாய். மிச்சம் 1,80,000 ரூபாய். கொத்தனார் வீட்டுக்கு இது சின்னத் தொகையா? டிப்ளமோவில் நல்ல மதிப்பெண் வாங்கி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் மிச்சம் இன்னும் பெரிது.

ஆனால் ஒன்று. இந்தக் கணக்கு அரசுப் பாலிடெக்னிக்கை வைத்துப் போட்டது. அங்கே கட்டணம் மிகக் குறைவு. அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் பாலிடெக்னிக்கில் சேர்த்தால் கணக்கு உதைக்கும். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும். அதனால் முதல் விண்ணப்பம் அரசுப் பாலிடெக்னிக்குக்கே போகட்டும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இந்த வழியில் பிடித்தது வேறு ஒன்று. நடுவழியில் வீட்டில் கஷ்டம் வந்தால் என்ன ஆகும்? அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.இ. இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்ட பிள்ளையின் கையில் பெரும்பாலும் பிளஸ் டூ சான்றிதழ்தான் இருக்கும். டிப்ளமோ முடித்த பிள்ளையின் கையில் ஒரு தொழில் படிப்பின் சான்றிதழ் இருக்கிறது. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் வேலைக்கு டிப்ளமோ படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து உதவித்தொகையோடு வேலை பழகலாம். ஓரிரு ஆண்டு சம்பாதித்துவிட்டுப் பிறகு பி.இ. சேருகிறவர்களும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் பி.இ. படிக்கும் வசதியும் சில கல்லூரிகளில் இருக்கிறது.

ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கும் இந்த ஏணி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பி.இ.க்குப் போகலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை இருக்கிறது. பெயர் பிரகதி. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ முதல் ஆண்டு சேரும்போதும் கேட்கலாம். பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும்போதும் கேட்கலாம். எல்லோருக்கும் கிடைத்துவிடாது. மதிப்பெண் வரிசைப்படி கொடுப்பார்கள். என்றாலும் கேட்காமல் விடக் கூடாது.

இனி, சேர்ப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை. அந்தப் பாலிடெக்னிக்குக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? இதைச் சுருக்கமாக ஏ.ஐ.சி.டி.இ. என்பார்கள். ஒப்புதல் இல்லாத இடத்தில் வாங்கும் டிப்ளமோவால் கல்லூரிக் கதவு திறக்காது. சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த நமக்கு என்ன தயக்கம்?

டிப்ளமோவில் குறைந்தது 45 சதவீத மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம். ஆனால் இது விண்ணப்பம் போடத்தான். இரண்டாம் ஆண்டில் இடங்கள் குறைவு. போட்டி உண்டு. நல்ல கல்லூரி வேண்டும் என்றால் நல்ல மதிப்பெண் வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறும். தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் டிப்ளமோ மதிப்பெண்ணைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, மேற்கு வங்கம் ஆகிய இடங்களில் தனி நுழைவுத் தேர்வு உண்டு. வேலைக்காக வெளிமாநிலம் போய்க் குடியிருக்கிறவர்கள், அந்த மாநிலத்தில் இடம் பெற எத்தனை ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐ.ஐ.டி.யில் இப்படி டிப்ளமோ வழியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியாது. அதுதான் குறி என்றால் பிளஸ் டூ வழியில்தான் போக வேண்டும்.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது கணக்குப் பாடம். பாலிடெக்னிக்கில் கணக்குப் பெரும்பாலும் தொடக்கத்தில்தான் வரும். பிறகு பட்டறை, லேத், வயரிங், நிலம் அளப்பது என்று கை வேலை அதிகம். கணக்கோடு தொடர்பு விட்டுப் போகும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தால், மற்ற பிள்ளைகள் பிளஸ் டூ கணக்கும் முதல் ஆண்டுக் கணக்கும் படித்துவிட்டு வந்திருப்பார்கள். ஆசிரியர் அதற்கு மேல்தான் தொடங்குவார். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட முதல் பரீட்சையில் இங்கே தடுக்கி விழுவது உண்டு. பட்டறைக்குப் போனால் கதை மாறும். அங்கே டிப்ளமோ பிள்ளைதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. டிப்ளமோ முடிந்து கல்லூரி திறக்கும் வரை சில வாரங்கள் கிடைக்கும். அந்த நேரத்தில் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தையும், கல்லூரி முதல் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் போதும். தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளை அதில் உட்காரட்டும். அந்த நேரத்தில் கடைக்குப் போ, தண்ணீர் பிடி என்று கூப்பிடாமல் இருப்பது நம் பங்கு.

கடைசியாகப் பணம் கட்டும் விஷயம். அரசு கலந்தாய்வுக்கு முன்பே சில தனியார் கல்லூரிகள் அவசரப்படுத்தும். "இன்றே கட்டினால்தான் இடம்" என்பார்கள். கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. வகுப்பு தொடங்கும் முன்பே விலகிக்கொண்டால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. விலகுவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். கடிதத்தின் நகலில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது இருக்க வேண்டும். ரசீதில் எழுதிய தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றுதானா என்று அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள்.