தொழில் வரியும் மண்வெட்டியும்

மும்பையிலும் புனேயிலும் மாதச் சம்பளம் வாங்கும் நம் அன்பர்கள், சம்பளச் சீட்டில் 'தொழில் வரி' என்ற சிறு பிடித்தத்தைப் பார்த்திருப்பார்கள். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாத அந்த வரி எதற்காக வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1972-73ல் மகாராஷ்டிரத்தைக் கடும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் நிவாரண வேலைகளில் மண் சுமந்து பிழைத்தனர். அந்த அனுபவத்தில் வளர்ந்ததுதான் 'ரோஜ்கார் ஹமி யோஜனா' என்னும் வேலை உறுதித் திட்டம். இதற்கு மூலவர், அன்றைய சட்ட மேலவைத் தலைவர் வி. ச. பாகே. இதற்குப் பணம் திரட்டவே 1975ல் தொழில் வரி விதிக்கப்பட்டது. 1977ல் நிறைவேறிய சட்டம் 1979 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. வரியாக வந்த தொகைக்குச் சமமான தொகையை அரசும் போட வேண்டும். வேலை கேட்டவருக்கு 15 நாட்களுக்குள் வேலை தர வேண்டும். தவறினால் உதவித்தொகை தர வேண்டும்.

இத்தகைய திட்டத்தை எப்படி எடைபோடுவது? 'இத்தனை பேர் வேலை செய்தனர்' என்ற மஸ்டர் ரோல் கணக்கு மட்டும் போதாது. ஓர் உதாரணம்: 1988ல் கூலி ஏறத்தாழ இரு மடங்கானது. அதன்பின் வேலைக்கு வந்தோர் தொகை வெகுவாகக் குறைந்தது. வறுமை தீர்ந்துவிட்டதா? இல்லை. செலவு ஏறுமென்று, கேட்டவர்களுக்கெல்லாம் வேலை திறக்கப்படவில்லை என்பதே ஆய்வாளர்கள் கண்டது. ஆகவே முதல் கேள்வி, வேலை கேட்டும் கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதே. அந்த எண் ஏட்டில் ஏறாவிட்டால் 'உறுதி' என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

இரண்டாவது, அளவு. இத்திட்டத்தில் கூலி நாளுக்கு அல்ல, வெட்டிய மண்ணுக்கு. ரயில் பாதைக்குக் கரை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மண் இளகியதா இறுகியதா, எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் சுமந்தார்கள் என்று பார்த்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அளப்பவர் பத்து நாள் தாமதித்தால் கூலியும் பத்து நாள் தாமதம். அன்றாடங்காய்ச்சிக்கு அது பட்டினி.

மூன்றாவது, மழைக்குப் பின் நிற்பது என்ன? செலவில் 60 சதவீதமாவது கூலிக்கே போக வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் சிறுபாலம் இல்லாத மண் சாலை முதல் வெள்ளத்திலேயே போய்விடும். மாறாக, சரியான இடத்தில் வெட்டிய கசிவுநீர்க் குட்டை, கீழேயுள்ள கிணறுகளில் நீர் ஊறச் செய்யும்.

2005ல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் குடும்பத்துக்கு 100 நாள் வேலை என்று சட்டம் செய்தபோது, இந்த மாநிலத்தின் அனுபவமே முன்னோடியாக நின்றது. சட்டங்களும் பெயர்களும் மாறலாம். இந்த மூன்று கேள்விகளும் மாறா. வரி செலுத்தியவர்கள் என்ற முறையில், அவற்றைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.