உறை பிரித்தபின் உரிமை உண்டா?

தேங்காய் வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்க்கின்றனர். சேலை வாங்குவோர் மடிப்பை விரித்து, கரையையும் முந்தானையையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கின்றனர். புத்தகம் வாங்குவோர் நின்ற நிலையிலேயே நாலு பக்கங்களைப் புரட்டுகின்றனர். பொருளின் தகுதியை அறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் உலக வழக்கு. இவ்வழக்குக்கு அடங்காத பண்டம் ஒன்று நம் காலத்தில் வந்து சேர்ந்தது. அதுவே பெட்டியில் விற்கப்படும் கணினி விளையாட்டு. மேலே கண்ணைக் கவரும் படம் இருக்கும். உள்ளே இருப்பது எத்தகையது என்பதை அறிய வேண்டின் ஒட்டிய உறையைப் பிரித்தல் வேண்டும். பிரித்து விட்டாலோ, பெரும்பாலான கடைக்காரர் அதனைத் திரும்பப் பெறார்.

இது நீதியாகுமா? பிள்ளைகள் ஆவலோடு கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு, அது வீட்டுக் கணினியில் இயங்காமை கண்டு மனம் வருந்தும் பெற்றோர் பலர். அவர்கள் எழுப்பும் வினா இது. விடை கூறுமுன் இரு பக்கத்து நியாயங்களையும் நடுவுநிலையில் நின்று ஆராய்தல் வேண்டும்.

முதலிற் கடைக்காரர் பக்கத்தை நோக்குவோம். சேலையை ஓரிரவு வீட்டில் வைத்திருந்து மறுநாள் திருப்பிக் கொடுத்தால் வீட்டிற் சேலை மிஞ்சுவதில்லை. இறுவட்டு அத்தகையதன்று. சனிக்கிழமை வாங்கிச் சென்று, அதன் உள்ளடக்கம் முழுவதையும் படியெடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை பணத்தைத் திரும்பப் பெறுவோர்க்கு விளையாட்டும் மிஞ்சும்; பணமும் மிஞ்சும். கடைக்காரரிடம் எஞ்சுவது பிரித்த பெட்டி ஒன்றே. இவ்வச்சம் கடைக்காரர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டினர் 1990ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுதலைத் தடுத்தது. வாடகைக்கு எடுப்போர் படியெடுத்து வைத்துக்கொள்வர் என்பதே அதற்குக் காரணம். விளையாடுவதற்கென்றே அமைந்த தனிக் கருவிகளுக்குரிய விளையாட்டுகளுக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது.

ஆகவே கடைகள் பல ஓர் இடைவழியைக் கண்டன. பிரித்த விளையாட்டுக்குப் பணம் இல்லை; வட்டிற் பழுது இருப்பின் அதே விளையாட்டின் வேறொரு பிரதி தரப்படும் என்பதே அவ்வழி. பழுதான வட்டைப் பெற்றவர்க்கு நல்ல வட்டுக் கிடைக்கும். படியெடுத்தவர்க்கோ முன்பே உள்ள பொருள்தான் மீண்டும் கிடைக்கும்; இலாபம் இல்லை. இம்முறையில் ஓரளவு அறிவு உண்டு என்பதை நாம் மறுத்தல் இயலாது.

இனி, வாங்குவோர் பக்கத்தை நோக்குவோம். மென்பொருளோடு உரிம நிபந்தனைகளும் வரும். அவை பெரும்பாலும் பெட்டியின் உள்ளேயே இருக்கும். அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1996இல், தொலைபேசி விவரங்கள் அடங்கிய இறுவட்டுப் பற்றிய வழக்கில், அத்தகைய நிபந்தனைகள் செல்லுபடியாகும் என்று தீர்த்தது. நிபந்தனைகளை வாசித்தபின் உடன்படாதவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் அன்றோ என்பது அத்தீர்ப்புக்குத் துணை நின்ற நியாயங்களுள் ஒன்று. ஆனால் கடைவாசலில் நிலைமை வேறு. நிபந்தனையை வாசிக்க உறையைப் பிரித்தல் வேண்டும். பிரித்தபின் கடை ஏற்காது. இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி 2003இல் கலிபோர்னியாவில் ஒருவர் மென்பொருள் நிறுவனங்கள் மீதும் விற்பனைக் கடை மீதும் வழக்குத் தொடுத்தார். அது பின்னர் இணக்கத்தில் முடிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வகுத்த நுகர்வோர் விதிகள் இவ்விஷயத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றன. கடைக்குச் செல்லாது தொலைவிலிருந்து வாங்கிய பொருளை, மனம் மாறின் 14 நாட்களுக்குள் திருப்பலாம். ஆயினும் முத்திரையிட்ட மென்பொருளின் முத்திரையைப் பிரித்துவிட்டால் அவ்வுரிமை நீங்கும். நீங்குவது மனம் மாறுதற்குரிய உரிமை மட்டுமே. பழுதான பொருளை மறுக்கும் உரிமை வேறு. முத்திரை உடைந்ததனால் அது உடைந்து போவதில்லை. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதான பண்டத்தை 30 நாட்களுக்குள் மறுத்து முழுப் பணத்தையும் பெறலாம். 'பிடிக்கவில்லை' என்பது வேறு, 'இயங்கவில்லை' என்பது வேறு. கடையில் நின்று வழக்காடும் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். கடைக்காரரும் சில வேளைகளில் அக்குழப்பத்திற் குளிர்காய்கின்றனர்.

காலம் செல்லச் செல்லத் தொழில்நுட்பமும் மாறியது. 2004இல் வெளிவந்த 'ஹாஃப் லைஃப் 2' என்னும் விளையாட்டைப் பெட்டியாக வாங்கினோரும், அதிலுள்ள இரகசிய இலக்கத்தை இணையவழி 'ஸ்டீம்' என்னும் தளத்திற் பதிவு செய்த பின்னரே விளையாட முடிந்தது. பதிந்த இலக்கம் பதிந்தவரின் கணக்கோடு பிணைந்துவிடும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் மற்றொருவர்க்கு அது பயன்படாது. படியெடுத்தலுக்கு அஞ்சிப் பிறந்த பூட்டு, நேர்மையாக வாங்கியவரையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

பின்னர்ப் பெட்டியே இல்லாமல் இணையத்தில் விற்கும் முறை பரவியது. பிரிப்பதற்கு உறை இல்லை. ஆயினும் பணம் திரும்பாது என்ற நிபந்தனை மட்டும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அவுஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014இல் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பழுதான பொருளுக்குச் சட்டம் தரும் உத்தரவாதத்தை நிறுவனத்தின் நிபந்தனை எதுவும் அழிக்க இயலாது என்பதே வழக்கின் சாரம். நீதிமன்றம் 2016இல் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்து, 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டமும் விதித்தது. மேன்முறையீடுகளும் பயன் தரவில்லை.

அவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2015 யூன் மாதத்தில், ஸ்டீம் ஒரு புதிய முறையை அறிவித்தது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருப்பின், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எத்தனை நேரம் விளையாடினார் என்பதைத் தளமே கணக்கு வைத்திருக்கும். பணம் திரும்பியதும் விளையாட்டு அவர் கணக்கிலிருந்து நீங்கிவிடும். உறை பிரிந்ததா என்பதை அளவுகோலாகக் கொள்ளாது, எவ்வளவு நுகர்ந்தார் என்பதை அளவுகோலாகக் கொண்டமை பெரும் மாற்றமாகும்.

பெட்டி விற்பனையிலும் பழைய விதி ஒருமுறை பெரிதாகத் தளர்ந்தது. போலந்து நாட்டுச் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10ஆம் திகதி 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பல ஆண்டுகளாக உலகம் எதிர்பார்த்திருந்த படைப்பு அது. ஆனால் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பழைய கருவிகளில் அது தடுக்கி விழுந்தது. நிறுவனம் சில நாட்களுக்குள் மன்னிப்புக் கோரி, விரும்பாதோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அவ்விளையாட்டை நீக்கியது. 2021 யூன் மாதத்திலேயே அது மீண்டும் அங்கே இடம்பெற்றது. அமெரிக்காவின் பெஸ்ட் பை என்னும் பெருங்கடை, பிரித்த பெட்டிகளையும் குறித்த நாள் வரை ஏற்றுப் பணம் கொடுத்தது. வாங்கியோர் ஒன்றுபட்டுக் குரல் எழுப்பினால் 'பிரித்தது பிரித்ததுதான்' என்னும் விதி கல்லெழுத்து அன்று என்பது அப்போது விளங்கிற்று.

எனினும், உரிமை பெருகினால் அதனைத் தவறாகக் கையாளும் மனமும் உடன் வருகிறது. 'சம்மர் ஒஃப் 58' என்னும் சிறு விளையாட்டை 2021இல் சிறு படைப்பகம் ஒன்று ஸ்டீம் தளத்தில் வெளியிட்டது. அதனை 2 மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். ஆடியோர் பலர் நன்று என்று பாராட்டி எழுதினர். ஆனால் ஆடி முடித்தபின் பணத்தைத் திரும்பப் பெற்றோரும் பலர். அடுத்த படைப்புக்குப் போதிய வருவாய் கிட்டாமையால், விளையாட்டு ஆக்கத்திலிருந்து காலவரையறையின்றி விலகுவதாக அதன் ஆக்கியோர் அறிவித்தார். விருந்தை வயிறார உண்டு, சமைத்தவரைப் புகழ்ந்து, பின்னர் காசைத் திருப்பிக் கேட்பதற்கு ஒப்பானது இச்செயல். விதி அதற்கு இடங்கொடுக்கலாம், மனச்சான்று இடங்கொடுக்குமா?

எனவே பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் கூற விரும்புவது இது. வாங்குமுன் பெட்டியின் பின்புறத்திலோ தளத்தின் பக்கத்திலோ குறித்துள்ள கணினித் தேவைகளை நம் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கடையின் திருப்பும் விதியைப் பணம் கொடுக்குமுன்னரே கேட்டறிதல் வேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். இணையத்தில் வாங்கின் முதல் 2 மணி நேரத்தைச் சோதனைக்கென்று கருதி, இயங்குகின்றதா எனக் கவனித்தல் வேண்டும். பழுது இருப்பின் அஞ்சாது கேட்கலாம். கேட்பது இரவல் அன்று, உரிமை. பழுது இல்லையெனின், பழுது என்று பொய் கூறுதல் ஆகாது.

பொய்க் காரணம் கூறித் திருப்பும் ஒவ்வொருவரும், அடுத்து வரும் நேர்மையாளர் மீது கடைக்காரர் கொள்ளும் ஐயத்தை ஒருபடி உயர்த்துகின்றனர். உண்மையான பழுதையும் ஏற்க மறுக்கும் ஒவ்வொரு கடையும், வாங்குவோரை வஞ்சக வழிக்குத் தள்ளுகின்றது. இவ்விரு தீமைகளுக்கும் இடையே அகப்பட்டு வருந்துவோர் ஏதும் அறியாத பிள்ளைகளே. ஆதலின், திருப்பிக் கொடுக்கச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே தந்தை கூறுவதையும், உரியதை உறுதியோடு கேட்பதையும் அப்பிள்ளை அருகில் நின்று காணட்டும்.