சென்னை ஜி.எச்.: வைத்தியமும் படிப்பும் ஒன்றாக நடக்கும் இடம்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. சென்னைவாசிகள் இன்றும் அதை ஜி.எச். என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ 3,000 படுக்கைகள் இருக்கின்றன. நாள்தோறும் 10,000-க்கும் மேற்பட்ட புறநோயாளிகள் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களில் பலர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள். இதைக் கேட்டதும், “மாணவர்கள் கையிலா நம் உயிர்?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை. ஏன் என்பதை, இந்த மருத்துவமனை வளர்ந்த கதையும் உள்ளே வேலை நடக்கும் முறையும் சொல்லும்.

சிப்பாய்களுக்காகத் தொடங்கியது

1664 நவம்பர் 16 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் எட்வர்ட் வின்டர், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களுக்கு மட்டுமே அங்கே வைத்தியம். ஊர் மக்களுக்கு அதில் இடமில்லை. பிறகு இடம் மாறி மாறி, 1772-இல் கோட்டைக்கு வெளியே, இப்போதிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1842-இல்தான். தொடங்கி 178 ஆண்டுகள் கழித்து!

படிப்பு அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டது. மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மார்ட்டிமர் தனிப்பட்ட முறையில் நடத்திவந்த வகுப்புகளை அரசு ஏற்று, 1835-இல் மருத்துவப் பள்ளியாக்கியது. ஆளுநர் ஃபிரெடெரிக் ஆடம் அதைத் திறந்துவைத்தார். 1850-இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அன்றிலிருந்து கல்லூரியும் மருத்துவமனையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே இயங்குகின்றன. இரண்டுக்கும் தலைவர் ஒரே டீன்.

பெண்கள் படிக்க வந்தார்கள்

இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் படிக்கப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. 1875-இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களை இந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவர்களிடம் காட்டிக்கொள்ள முடியாமல் பிரசவத்தில் உயிரிழந்த சென்னைப் பெண்களின் நிலைதான் ஷார்லீப்பைப் படிக்கத் தூண்டியது. பின்னர் லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிவந்து, 1885-இல் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருப்பது அதுதான்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் இங்கே பட்டம் பெற்றார். சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானார். ஏழைகளும் வந்து சிகிச்சை பெறும் அந்த மருத்துவமனைக்கும் வேர் இந்தக் கல்லூரியில்தான்.

ஒரே கேள்வியை நாலு பேர் கேட்பது ஏன்?

ஜி.எச்.-இல் பொது மருத்துவம், பொது அறுவை சிகிச்சை போன்ற பெரிய துறைகள் யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு யூனிட்டுக்கும் பேராசிரியர் ஒருவர் தலைவர். அவரைத்தான் ‘சீஃப்’ என்பார்கள். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள். அவர்களுக்கு அடுத்து, எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்கும் முதுநிலை மாணவர்களான பி.ஜி.க்கள். பிறகு, எம்.பி.பி.எஸ். தேர்வுகளை முடித்து ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள். இன்ன கிழமை இன்ன யூனிட்டுக்கு ஓ.பி., இன்ன கிழமை அட்மிஷன் என்று முறை வைத்திருக்கிறார்கள். அன்று சேர்க்கப்படும் நோயாளி, வீடு திரும்பும் வரை அந்த யூனிட்டின் பொறுப்பு.

வார்டில் படுத்திருப்பவரிடம் முதலில் ஹவுஸ் சர்ஜன் வந்து விவரம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். அடுத்து பி.ஜி. வந்து அதே கேள்விகளைக் கேட்பார். உதவிப் பேராசிரியரும் கேட்பார். காலை ரவுண்ட்ஸில் சீஃப் வந்து மறுபடியும் கேட்பார். “எத்தனை தடவைதான் சொல்வது?” என்று நோயாளிக்கு அலுப்புத் தட்டும். ஆனால் இந்த முறையின் பலமே அதுதான். முதல் ஆள் கவனிக்காமல் விட்டதை இரண்டாவது ஆள் பிடிப்பார். இரண்டாவது ஆள் தவறாகக் கணித்ததை மூத்தவர் திருத்துவார். கட்டிலருகே மாணவரிடம், “இந்த நோய் என்று ஏன் சொல்கிறாய்? வேறாக ஏன் இருக்கக்கூடாது?” என்று பேராசிரியர் கேட்கும்போது, அந்த நோயாளியின் சிகிச்சையும் எல்லார் முன்னிலையிலும் இன்னொரு முறை சரிபார்க்கப்படுகிறது. மாணவர் கற்கிறார்; முடிவெடுக்கும் பொறுப்பு மூத்தவரிடம் இருக்கிறது.

கூட்டம் தரும் அறிவு

இவ்வளவு நோயாளிகள் வருவதால், புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படிக்கும் அரிய நோயை இங்கே வார்டிலேயே நேரில் பார்க்கலாம். அதனால்தான் புதிய துறைகள் பல இங்கிருந்து முளைத்தன. 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி இங்கே மூளை, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இரைப்பை, குடல் அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம்.

1986-இல் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எய்ட்ஸ் மேலைநாட்டு வியாதி, இந்தியாவுக்கு வராது என்று பலர் நம்பிய நேரம். கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவுக்கு அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். வசதிகள் குறைவு. சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து நிர்மலா எடுத்த ரத்த மாதிரிகள், அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டு, பிறகு வேலூர் சி.எம்.சி.க்குப் பரிசோதனைக்குப் போயின. சில மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. நாட்டில் அந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்படித்தான். ஒரு மாணவியின் ஆய்வேடு தேசத்தையே விழிக்கச் செய்தது. மருத்துவமனையில் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஓ.பி. சீட்டு, மாத்திரை, படுக்கை, சாப்பாடு எல்லாம் இலவசம். சில ஸ்கேன்களுக்கு மட்டும் குறைந்த கட்டணம் உண்டு. மருந்துகளை அரசு நிறுவனமான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. 1994-இல் தொடங்கப்பட்ட இந்த ஏற்பாடு, மொத்தக் கொள்முதலால் விலையைக் குறைத்தது. வேறு பல மாநிலங்களும் இதைப் பார்த்துப் பின்பற்றின. பெரிய அறுவை சிகிச்சைகள் பலவற்றுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து பணம் மருத்துவமனைக்கே வருகிறது. அதனால் குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

பிரசவத்துக்கும் குழந்தைகளின் நோய்களுக்கும் ஜி.எச்.-க்குப் போய் அலைய வேண்டாம். அவற்றுக்கு எழும்பூரில் தனித்தனி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. கண் மருத்துவமனையும் எழும்பூரில்தான்; 1819-இல் தொடங்கப்பட்ட அது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். இவை எல்லாமே சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவை.

மறுபடி வரச் சொன்னால், முதலில் பார்த்த அதே யூனிட்டின் ஓ.பி. நாளில் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் தொலைக்காமல் வையுங்கள். விபத்தென்றால் 108-ஐ அழையுங்கள். உள்ளே ஏதேனும் சிக்கல் என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம், முறையிடலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓ.பி. வரிசை நீளம். நோயாளியோடு வந்தவர்கள் இரவில் தரையில் படுக்கிறார்கள். இவ்வளவு கூட்டத்துக்குச் செவிலியர்கள் போதவில்லை. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் எல்லாரும் இங்கேயே வந்தால், உண்மையில் இந்த வசதி தேவைப்படுகிறவர் காத்திருக்க நேர்கிறது. பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் மாவட்ட மருத்துவமனையும் அதற்காகத்தான் இருக்கின்றன. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. முன்பு சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்த பலருக்கு இப்போது சொந்த மாவட்டத்திலேயே சிகிச்சை கிடைக்கிறது.

இங்கே படித்தவர்கள் மாநிலமெங்கும் ஊர் ஊராய் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கற்ற ஒவ்வொன்றையும் முகம் தெரியாத ஓர் ஏழை நோயாளிதான், தன் உடம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே அடுத்த முறை வார்டில் ஒரு மாணவர் தயங்கியபடி, “ஐயா, கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டால், முடிந்தவரை சம்மதியுங்கள். மாணவர்களும் அப்படிக் கேட்டு, நோயாளியின் அனுமதி பெற்ற பிறகே தொட வேண்டும். அதுவே அவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம்.